கேம் மாற்றினால் ஐடிலிங் ஏன் குலுங்குகிறது? புதியவர்களுக்கான செய்முறை

மார்த்தாண்டத்தில் சாயங்காலம் வண்டி ஓட்டுபவர்களுக்கு ஐடிலிங்கின், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் நிற்கும்போதும் இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பதன், அருமை தெரியும். ஊர்வதும் நிற்பதுமாகத்தான் போக வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து புது பைக்குகள் பெரும்பாலும், கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அதில் ஆசையாகப் பெரிய கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு; பெரியது என்றால் வால்வை அதிக நேரம் திறந்து வைப்பது) போட்டுவிட்டு, நிற்கும் இடத்திலெல்லாம் வண்டி ஆஃப் ஆகிறதே என்று தவிக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: ஓவர்லாப்பைக் கணக்கிடுங்கள்

புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து, காற்றை உள்ளே இழுக்கும் இன்டேக் தொடங்கும் இடத்தில் இரண்டு வால்வும் சற்று நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். அதுதான் ஓவர்லாப். கேமுடன் வரும் அட்டையில் இரண்டு வால்வுகளின் டியூரேஷனும் (வால்வு எத்தனை டிகிரி சுழற்சிக்குத் திறந்திருக்கும் என்பது), லோப் செப்பரேஷன் கோணமும் (கேமில் இன்டேக், எக்ஸாஸ்ட் மேடுகளின் உச்சிகளுக்கு இடைப்பட்ட கோணம்) இருக்கும். டியூரேஷன் இரண்டையும் கூட்டி 4-ஆல் வகுத்து, லோப் செப்பரேஷனைக் கழித்து, வருவதை இரண்டால் பெருக்குங்கள். 270, 270, 110 என்றால் ஓவர்லாப் 50 டிகிரி. அதே டியூரேஷனில் கோணம் 114 ஆனால் 42-ஆகக் குறையும். 280, 280, 108 என்றால் 64. இரண்டு கேமை ஒப்பிடும்போது டியூரேஷனை ஒரே லிஃப்டில் (வால்வு எழும் உயரத்தில்) அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

படி 2: ஐடிலில் என்ன நடக்கிறது?

காற்றை உள்ளே விடும் திராட்டில் மூடியிருப்பதால் இன்டேக் பக்கம் அழுத்தம் மிகக் குறைவு, சாதாரண இன்ஜினில் சுமார் 30, 40 கிலோபாஸ்கல். எக்ஸாஸ்ட் பக்கம் 100-ஐ ஒட்டி இருக்கும். இரண்டு வால்வும் திறந்திருந்தால் எரிந்த புகை உள்ளே திரும்பி வந்து புதுக் காற்றோடு கலந்துவிடும். அந்தக் கலவை மெதுவாக எரியும், சில சமயம் எரியாமலே போய்விடும். நாம் கேட்கும் அந்தக் குலுங்கல் அதுதான். வேகத்தில் போகும்போது புகை திரும்ப நேரம் கிடைக்காது, அதே ஓவர்லாப் அங்கே பவராக மாறும்.

படி 3: இசியுவின் கண்ணால் பாருங்கள்

பலரும் தாண்டிப் போகும் இடம் இதுதான். கேம் மாறியது, பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் தீர்மானிக்கும் கம்ப்யூட்டரான இசியுவுக்குத் தெரியாது. புகை திரும்பி வருவதால் இன்டேக்கில் வாக்குவம் குறையும்; அங்குள்ள அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் அதிக அழுத்தம் காட்டும். இன்ஜினுக்கு லோடு கூடிவிட்டது என்று நினைத்து இசியு பெட்ரோலைக் கூட்டும். எரியாத கலவையின் ஆக்ஸிஜன் சைலன்சருக்குப் போவதால் ஆக்ஸிஜன் சென்சாரும் “லீன்” (பெட்ரோல் குறைவு) என்று சொல்லும். உடனே இன்னும் பெட்ரோல் கூடும். பிளக் கறுத்து, எரிவது இன்னும் மோசமாகும். காற்றோட்டத்தை அளக்கும் சென்சார் உள்ள கார்களில், பின்னோக்கித் துடிக்கும் காற்றையும் அது சேர்த்து எண்ணிவிடும் ஆபத்து உண்டு. ஆகவே குலுங்கலில் ஒரு பங்குதான் கேமுடையது. மிச்சத்தை டியூனிங்கில் சரிசெய்யலாம்.

படி 4: ஓடும் சாலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

நாகர்கோவில் டவுன், தக்கலை, மார்த்தாண்டம் என்று தினமும் ஓடும் வண்டிக்கும், குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைப் பக்கம் ஏறும் வண்டிக்கும் ஓவர்லாப் குறைந்த கேம்தான் நல்லது. கீழ் ஆர்பிஎம்மில் இழுவை அங்கேதான் வேண்டும். பெரிய கேம் பந்தயத் தடத்துக்கு உரியது என்பது என் உறுதியான கருத்து.

படி 5: மாட்டிய பின்

முதலில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, இன்ஜின் ஆறியிருக்கும்போது டேப்பட் கிளியரன்ஸை, அதாவது வால்வுக்கு விடும் இடைவெளியை, பாருங்கள். இன்டேக் ரப்பரில் காற்றுக் கசிவு இருக்கக் கூடாது. அப்புறம் ஐடில் வேகத்தை 200, 300 ஆர்பிஎம் கூட்டுங்கள். டியூன் செய்யக்கூடிய இசியு என்றால், ஐடிலில் மட்டும் ஆக்ஸிஜன் சென்சார் திருத்தத்தை நிறுத்திவிட்டு பெட்ரோல் அளவை நீங்களே வையுங்கள். மேப் சென்சார் காட்டும் அளவு ஒரு நிலையில் நிற்கவே இல்லையென்றால், திராட்டில் திறப்பையும் ஆர்பிஎம்மையும் வைத்து அளவிடும் முறைக்கு மாறலாம்.

கலவை மெதுவாக எரிவதால் டைமிங் கொஞ்சம் அட்வான்ஸ் வேண்டும், அதாவது ஸ்பார்க் சற்று முன்னதாக வர வேண்டும். இசியுவின் டைமிங் அட்டவணையில் ஐடில் வேகத்துக்குக் கீழே உள்ள கட்டங்களில் இரண்டொரு டிகிரி கூடுதலாகவும், மேலே உள்ளவற்றில் குறைவாகவும் வையுங்கள். வேகம் விழுந்தால் இன்ஜின் தானாகவே ஏறி நிற்கும், ஏறினால் இறங்கும்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஹெட்லைட்டைப் போட்டு, காராக இருந்தால் ஏசியையும் போட்டு நிறுத்திப் பாருங்கள். சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாடை வந்தால் அப்படியே ஓட்டாதீர்கள், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெட்டுப்போகும். கடைசியாகப் புகைச் சோதனைக்குக் கொண்டு போங்கள். கார்பன் மோனாக்சைடு கூடியிருந்தால் ஐடில் பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மறுபடி அளந்து பாருங்கள்.