ஐந்தடிப் பலகையில் ஒரு ஷண்டிங் யார்டு: எச்.ஓ. அளவில் அமைக்கும் முறை

மாதிரி ரயில் அமைக்க விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் காகிதத்தில் வரைவது ஒரு நீள்வட்டப் பாதையைத்தான். அசலில் 87இல் ஒரு பங்கான எச்.ஓ. அளவில் கடைகளில் கிடைக்கும் மிகக் குறுகிய வளைவின் ஆரமே ஏறக்குறைய 36 செ.மீ. இருப்பதால், அந்தப் பாதைக்கு 80 செ.மீ.க்குக் குறையாத அகலமுள்ள மேசை வேண்டும். நீளமான பயணிகள் பெட்டிகளை அவ்வளவு குறுகிய வளைவில் ஓட்டினால் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும் என்பதால், விரைவிலேயே அந்த மேசையும் போதாமல் போகும். அறையின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பாதையில் ரயில் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்ப்பதைத் தவிர ஓட்டுகிறவருக்கு வேறு வேலையும் இருப்பதில்லை. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் உறுதியாகப் பரிந்துரைப்பது சுற்றுப்பாதையே இல்லாத, வேகன்களைப் பிரித்தும் கோத்தும் வரிசைப்படுத்தும் ஒரு சிறிய ஷண்டிங் யார்டை. பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் ரைட் வகுத்த ‘இங்கிள்நுக் சைடிங்ஸ்’ என்ற அமைப்பு, ஐந்தடி நீளமும் ஓரடி அகலமும் கொண்ட பலகையில் அடங்கிவிடும். அதற்குப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வைக்கும் பாயின்ட்டுகள் இரண்டும் ஓர் என்ஜினும் எட்டு வேகன்களும் போதும்.

அதன் வரைபடம் மிக எளிமையானது. பலகையின் ஒரு முனையில், என்ஜின் வேகன்களை வெளியே இழுத்து வந்து நிற்பதற்கான ஷண்டிங் நெக் என்ற பாதை தொடங்குகிறது. முதல் பாயின்ட்டில் ஒரு நீளமான சைடிங் (வேகன்களை நிறுத்தும் கிளைப்பாதை) பிரிந்து செல்ல, எஞ்சிய பாதை இரண்டாம் பாயின்ட்டில் இரண்டு குட்டை சைடிங்குகளாகப் பிரிகிறது. நீளமான சைடிங்கில் ஐந்து வேகன்களும், குட்டை சைடிங்குகள் ஒவ்வொன்றிலும் மூன்று வேகன்களும் நிற்கலாம். ஷண்டிங் நெக்கில் என்ஜினும் மூன்று வேகன்களும் மட்டுமே கொள்ளும். எட்டு வேகன்களில் சீட்டுக் குலுக்கி ஐந்தைத் தேர்ந்து, சீட்டு வந்த அதே வரிசையில் அவற்றை நீளமான சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும் என்பதுதான் ஓட்டுநருக்குத் தரப்படும் பணி. எட்டிலிருந்து ஐந்தை வரிசைப்படுத்தும் வழிகள் 6,720 என்பதால் ஒரே கணக்கு மறுபடியும் வருவது அரிது.

இந்த அமைப்பின் உயிர் ஷண்டிங் நெக்கின் நீளத்தில் இருக்கிறது. இடம் இருக்கிறதே என்று அதை ஒரு வேகன் அளவுக்கு நீட்டிவிட்டால், நான்கு வேகன்களை ஒரே இழுப்பில் வெளியே எடுத்துவிடலாம். அப்போது யோசிக்க வேண்டிய தேவை பெருமளவு குறைந்துவிடும். குறைத்துவிட்டாலோ சில வரிசைகளைக் கோப்பது பெரும்பாடாகிவிடும். எனவே பலகையை அறுப்பதற்கு முன்பே என்ஜினையும் வேகன்களையும் வாங்கிவிடுங்கள். வேகன்களைத் தனித்தனியாக அளந்து கூட்டுவது தவறான கணக்கைத் தரும். வேகன்களை இணைக்கும் கப்ளிங்குகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதால், ஐந்தையும் கோத்து இழுத்து வைத்த நிலையில் அளப்பதே சரி.

எடுத்துக்காட்டாக, நான்கு சக்கர வேகன் ஒன்று கப்ளிங்கோடு 12 செ.மீ., சிறிய ஷண்டிங் என்ஜின் 13 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், நெக்குக்கு 49 செ.மீ. தேவை, நிறுத்துவதில் ஏற்படும் சிறு பிழைக்காக ஒரு செ.மீ. சேர்த்து 50 என்று கொள்ளலாம். சிறிய ஆரமுள்ள பாயின்ட் ஒன்று ஏறக்குறைய 18.5 செ.மீ. நீளம் வரும். சைடிங்கின் நீளத்தைப் பாயின்ட் முடியும் இடத்திலிருந்து அளக்கக் கூடாது. பக்கத்துப் பாதையில் வரும் வண்டி உரசாமல் செல்லும் இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும். ரயில்வேயில் ஃபவுலிங் மார்க் என்று சொல்லப்படும் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, பிரியும் இரு பாதைகளிலும் ஒவ்வொரு வேகனை வைத்துப் பாயின்ட்டை நோக்கி மெல்லத் தள்ளி, இரண்டும் உரசப்போகும் இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கென ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் அப்பால் ஏறத்தாழ 10 செ.மீ. ஒதுக்கினால், நீளமான பக்கம் 140 செ.மீ. அளவில் வந்து நிற்கும். 150 செ.மீ. பலகையில் இது வசதியாக அமரும். இரு முனைகளிலும் தனித்தனிச் சக்கரத் தொகுதி கொண்ட போகி வேகன்களை விரும்புகிறவர்கள் இதே கணக்கைத் தங்கள் வேகன் நீளத்துக்கு ஏற்பப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்திய ரயில்களை மாதிரியாக்க விரும்புகிறவர்கள் ஒரு சிக்கலைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. எச்.ஓ. என்பது 1:87 அளவு, அதன் 16.5 மி.மீ. தண்டவாளம் 1,435 மி.மீ. அகலமுள்ள பாதையைக் குறிக்கிறது. நமது அகலப்பாதை 1,676 மி.மீ. என்பதால், சரியாகக் கணக்கிட்டால் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வர வேண்டும். அந்த அகலத்தில் செய்வதென்றால் பாயின்ட்டுகளையும் சக்கர அச்சுகளையும் பெரும்பாலும் கையாலேயே செய்ய வேண்டியிருக்கும். அது தனிக் கலை, முதல் முயற்சியிலேயே எடுத்துக்கொள்ளத் தக்கதன்று. 16.5 மி.மீ. பாதையை ஏற்றுக்கொண்டு தொடங்குவதே என் பரிந்துரை. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 2004 வரை ஓடிய மின்ரயில்களை நினைவில் வைத்திருக்கும் மீட்டர்கேஜ் அன்பர்களுக்கு நிலைமை இதைவிட நன்றாகவே இருக்கிறது. 1:87 அளவில் மீட்டர்கேஜ் 11.5 மி.மீ. வரும், 12 மி.மீ. தண்டவாளம் அதற்கு மிக நெருங்கி அமைகிறது.

பலகைக்கு 12 மி.மீ. கனமுள்ள, தண்ணீர் தாங்கும் நல்ல பிளைவுட்டைப் பயன்படுத்துங்கள். அடியில் சுற்றிலும் மரச்சட்டம் கொடுத்து, 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம் அடித்தால் நடுவில் தொய்யாது. கடலோர ஊர்களில் பாதை நெளிவதற்கு வெயிலைக் காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு மீட்டர் நீளமுள்ள தண்டவாளம் இருபது டிகிரி வெப்ப வேறுபாட்டில் மூன்றில் ஒரு மி.மீ. அளவே நீளும். ஈரத்தை உறிஞ்சி அசையும் மரம்தான் பெரும்பாலும் தொல்லை தருகிறது. ஆகவே பலகையின் மேற்புறம், அடிப்புறம், வெட்டுமுனைகள் அனைத்திலும் பிரைமர் அடித்து மூடிவிடுவது அவசியம். ஒருபுறம் மட்டும் அடித்தால் பலகை வளையும். ஷண்டிங் யார்டு இம்மி பிசகாமல் மட்டமாக இருக்க வேண்டும். ரசமட்டம் மட்டம் என்று காட்டினாலும், சக்கரம் நன்றாக உருளும் வேகன் ஒன்றைத் தண்டவாளத்தின் மேல் விட்டுப் பாருங்கள். கழற்றிவிட்ட வேகன் தானாக உருண்டு போகும் யார்டில் ஷண்டிங் செய்ய முடியாது.

தண்டவாளம் நிக்கல் சில்வர் உலோகத்தில் இருக்கட்டும். எஃகுத் தண்டவாளம் கடற்காற்றில் துருப்பிடிக்கும். முதலில் இரண்டு பாயின்ட்டுகளையும் அவற்றின் இடத்தில் வைத்து, அவற்றிலிருந்து வெளிநோக்கிப் பாதையைப் போட்டுக்கொண்டு செல்ல வேண்டும். பாதையைப் போட்டுவிட்டு இடையில் பாயின்ட்டைத் திணித்தால் இணைப்புகள் ஒரு கோட்டில் வராது. தண்டவாளத்தை வெட்டிய ஒவ்வோர் இடத்திலும் மேற்பரப்பையும் உள்விளிம்பையும் மெல்லிய அரத்தால் தேய்த்துப் பிசிறு நீக்குங்கள். இணைத்த பிறகு விரல் நகத்தைத் தண்டவாளத்தின் மேற்புறத்திலும் உள்பக்கத்திலும் வைத்து இழுத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத படிகூட நகத்தில் தட்டுப்படும். நகம் தடுக்கும் இடத்தில் என்றாவது ஒருநாள் சக்கரமும் தடம்புரளும் என்பதால், அதைச் சரிசெய்யாமல் அடுத்த துண்டுக்குப் போகாதீர்கள். பாயின்ட்டுகளைப் பசையால் ஒட்டிவிடாமல் மெல்லிய ஆணிகளால் மட்டும் நிறுத்துவது பிற்காலப் பழுதுபார்ப்புக்கு உதவும்.

மின்சாரத்தில்தான் சிறிய என்ஜின்கள் நம்மைச் சோதிக்கும். பாயின்ட்டில் இரு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் கிராசிங் பகுதி, சில வகைகளில் பிளாஸ்டிக்கால் ஆனது. நீளமான என்ஜின் அதைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடும். சக்கரங்கள் நெருக்கமாக உள்ள ஷண்டிங் என்ஜினோ, மெதுவாகச் செல்லும்போது அந்த இடத்தில் மின்சாரம் அறுந்து நின்றுபோகும். விரலால் தள்ளி ஓட்ட வேண்டிய யார்டு சில வாரங்களில் சலித்துவிடும் என்பதால், விலை சற்றுக் கூடினாலும் உலோகக் கிராசிங் உள்ள பாயின்ட்டையே வாங்குங்கள். அந்தக் கிராசிங்குக்குப் பாயின்ட் திரும்பும் பக்கத்துக்கு ஏற்ற மின்முனை போய்ச் சேர வேண்டும். அதற்கு எளிய வழி, சென்னை ரிச்சித் தெரு போன்ற இடங்களில் கிடைக்கும் சாதாரண ஸ்லைடு சுவிட்சைப் பலகையின் ஓரத்தில் பொருத்தி, அதன் குமிழையும் பாயின்ட்டின் நகரும் கட்டையையும் விறைப்பான கம்பியால் இணைப்பது. சுவிட்சை நகர்த்தும்போது பாதையும் மாறும், கிராசிங்கின் மின்முனையும் உடன் மாறும். கன்ட்ரோலரிலிருந்து வரும் மின்சாரத்தை ஷண்டிங் நெக்கின் பக்கத்தில் கொடுங்கள். சைடிங்குகளுக்குத் தனியாகக் கம்பி கொடுக்க விரும்பினால், கிராசிங்கைத் தாண்டியவுடன் உள்ள இரண்டு உள் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பைப் போட்டாக வேண்டும். இல்லையெனில் பாயின்ட்டைத் திருப்பியதும் ஷார்ட் ஆகும்.

கம்பியைச் சால்டர் செய்யும்போது தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, கம்பி முனையிலும் தண்டவாளத்திலும் முன்கூட்டியே ஈயம் பூசிக்கொண்டால், இரண்டையும் சேர்த்துச் சூடான முனையை ஓரிரு நொடிகள் வைத்தாலே பிடித்துவிடும். இருபுறமும் ஈரப்பஞ்சை வைத்தால் தண்டவாளத்துக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் கட்டைகள் உருகாமல் தப்பும். ஒரே என்ஜின் ஓடும் யார்டுக்கு 12 வோல்ட் நேர்மின் கன்ட்ரோலர் போதும். என்ஜினுக்கு டிஜிட்டல் முறையில் கட்டளை அனுப்பும் டி.சி.சி. கருவியில் மெதுவான ஓட்டமும் ஒலியும் கிடைக்கும் என்பது உண்மை. அதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

வேகன்களில் இரண்டு அளவுகளைச் சரிபாருங்கள். ஓர் அச்சில் உள்ள இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே 14.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். இது தவறினால் எவ்வளவு நல்ல பாயின்ட்டிலும் வண்டி ஏறி இறங்கும். அடுத்தது எடை. அமெரிக்காவில் 1935இல் தொடங்கப்பட்ட தேசிய மாதிரி ரயில் சங்கம், எச்.ஓ. வண்டிக்கு ஓர் அவுன்சும், நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு அரை அவுன்சும் பரிந்துரைக்கிறது. அதன்படி நான்கு அங்குல வேகன் 85 கிராம் இருக்க வேண்டும். எடை குறைந்த வேகன்கள் பின்னோக்கித் தள்ளும்போது தடம்புரளும். ஷண்டிங்கில் பாதி வேலை தள்ளுவதுதான். வேகனுக்குள்ளோ அடியிலோ இரும்பு நட்டுகளை ஒட்டி எடையைச் சரிசெய்யலாம்.

கப்ளிங்குகளை ஒரே வகையாக, ஒரே உயரத்தில் வையுங்கள். கைவிரல்கள் கோத்ததுபோல் இணையும் நக்கிள் வகை, நம் நாட்டுச் சரக்கு வேகன்களில் உள்ள நடுக் கப்ளிங்கை ஒத்திருப்பதோடு, கழற்றுவதற்கும் எளிது. பாதைக்கு அடியில் காந்தம் வைத்துக் கழற்றும் முறை உண்டு. ஆயினும் எந்த இடத்திலும் கழற்ற வேண்டியிருக்கும் யார்டில் கையால் கழற்றுவதே எனக்குச் சிறந்ததாகப் படுகிறது. மருந்து நீங்கிய ஊதுவத்திக் குச்சியின் முனையைத் தட்டையாகச் சீவி, இரு நக்கிள்களுக்கும் நடுவே மேலிருந்து விட்டு இலேசாகத் திருகினால் அவை விலகிவிடும். அந்த நேரத்தில் வேகன்கள் இறுக இழுபட்டு நின்றால் நக்கிள் திறக்காது என்பதால், என்ஜினை ஓர் இழை பின்னுக்குத் தள்ளிக் கப்ளிங்கைத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துத் திருப்தி வந்த பின்னரே ஜல்லி போடுங்கள். ஐம்பது மி.மீ. கல் 1:87 அளவில் 0.6 மி.மீ.கூட வராது, கடைகளில் ஜல்லி என்று விற்கப்படும் பல பொருள்கள் அதைவிடப் பெரியவை. ஆற்றுமணலையோ எம்-சாண்டையோ கழுவிக் காயவைத்து நுண்ணிய சல்லடையில் சலித்தால் சரியான அளவு கிடைக்கும். கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் அது வேண்டாம். மணலைத் தூரிகையால் கட்டைகளுக்கு இடையே பரப்பி, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரைத் தெளித்து நனைத்த பிறகு, தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாயின்ட்டின் நகரும் பகுதியை மட்டும் விட்டுவிட வேண்டும். அங்கே ஒரு மணல்துகள் ஒட்டிக்கொண்டாலும் பாயின்ட் முழுமையாகத் திரும்பாது.

தண்டவாளத்தின் மேற்புறத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் ஏற்படுத்தும் கீறல்களில் அழுக்கு மேலும் விரைவாகப் படியும் என்பதால் மேற்புறத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது. என்ஜின் சக்கரங்களையும் அவ்வப்போது துடைக்க வேண்டும். சக்கரத்தில் உள்ள கரி துடைத்த தண்டவாளத்தில் மறுபடியும் ஏறிவிடும்.

ஆட்டத்துக்கு எட்டு வேகன்களும் தோற்றத்தில் வேறுபட்டிருப்பது நல்லது: ஒரு டேங்கர், ஒரு பிரேக் வேன், மூடியது ஒன்று, திறந்தது ஒன்று என வாங்கினால் எண் ஒட்டாமலேயே அடையாளம் தெரியும். ஐந்தை நீளமான சைடிங்கிலும் மூன்றை ஒரு குட்டை சைடிங்கிலும் நிறுத்திவிட்டு ஐந்து சீட்டுகளை எடுங்கள். தொடக்கத்தில் நேரத்தைக் கணக்கிட வேண்டாம். என்ஜின் திசை மாறும் ஒவ்வொரு முறையையும் ஒரு நகர்வாக எண்ணி, அந்த எண்ணிக்கையைக் குறைக்கப் பாருங்கள். இருவர் ஆடும்போது ஒருவர் கன்ட்ரோலரைப் பிடிக்க, மற்றவர் ஷண்டராக நின்று பாயின்ட்டைத் திருப்பிக் குச்சியால் கழற்றிவிடலாம். ஷண்டர் வாய்திறந்து சொல்லாமல் என்ஜின் நகரக் கூடாது என்று விதி வைத்துக்கொண்டால் மெதுவாக ஓட்டும் பழக்கம் தானே வந்துவிடும். கோத்து முடித்த ரயிலைக் கலைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரத் தேவையில்லை. நீளமான சைடிங்கில் ஐந்தும் வரிசையாக நின்று, எஞ்சிய மூன்றும் ஒரே குட்டை சைடிங்கில் சேர்ந்துவிட்டால், அடுத்த ஐந்து சீட்டுகளை அங்கிருந்தே எடுக்கலாம்.