சமூகத் தோல்விச் சோதனை: சுண்டெலியில் மனச்சோர்வை ஆராய்வது எப்படி?

மனச்சோர்வையும் பதற்றத்தையும் விலங்குகளில் ஆராய இன்று நரம்பியல் ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் முறைகளில் ஒன்று ‘நாள்பட்ட சமூகத் தோல்வி’. ஒரு சுண்டெலியை 10 நாள் தன்னைவிடப் பலசாலியிடம் தோற்கவைத்து, 11-ஆம் நாள் அதன் நடத்தையை அளக்கிறோம். கேட்க எளிதுதான். புதிதாகச் செய்பவர்கள் சொதப்புவது பெரும்பாலும் முதல் படியிலும் கடைசிப் படியிலும்தான், அதனால் அவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வேலையைத் தொடங்கும் முன் உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். காயம் பட்டால் என்ன செய்வீர்கள், எந்தக் கட்டத்தில் நிறுத்துவீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். குழு முதலில் தேடுவது அதைத்தான்.

படி 1: அடிப்பவனைத் தேர்ந்தெடுத்தல்

இதற்கு சி.டி.-1 வகை ஆண் சுண்டெலி வேண்டும். வெள்ளை நிறம், பருத்த உடல், இனப்பெருக்கக் கூண்டிலிருந்து ஓய்வுபெற்றதாக இருந்தால் நல்லது. ஆனால் எல்லா சி.டி.-1 எலியும் சண்டைக்கு வராது. தொடர்ந்து 3 நாள், தினமும் 3 நிமிடம், அதன் கூண்டில் ஒரு ‘பிளாக் சிக்ஸ்’ (C57BL/6 எனும் சிறிய, கறுப்பு நிற ஆய்வக வகை) சுண்டெலியை விடுங்கள். ஒவ்வொரு நாளும் வேறொரு பிளாக் சிக்ஸ். முதல் தாக்குதல் எத்தனையாவது வினாடியில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது அடுத்தடுத்த 2 நாளாவது 60 வினாடிக்குள் தாக்கியவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் குறைகிறதே என்று சோம்பேறிகளையும் சேர்த்தால், பிறகு வரும் முடிவை எந்தப் புள்ளியியலாலும் காப்பாற்ற முடியாது.

படி 2: கூண்டு

பெரிய கூண்டு, நடுவில் துளையிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தடுப்பு. சோதனைக்கு முந்தைய நாளே சி.டி.-1 எலியை ஒரு பக்கத்தில் குடியேற்றிவிடுங்கள். தன் தெருவில் எந்த நாய்க்கும் தைரியம் அதிகம் அல்லவா, இங்கேயும் அதே கதை.

படி 3: பத்து நாள்

சோதனைக்குரிய பிளாக் சிக்ஸ் ஆணை சி.டி.-1 பக்கத்தில் 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். பெரியது முதலில் முகர்ந்து பார்க்கும், வாலைப் படபடவென்று அடிக்கும், பிறகு பாய்ந்து முதுகில் கடிக்கும். சின்னது கீச்சிடும், பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால்களை விரித்து, வயிற்றைக் காட்டி நிற்கும். அதுதான் பணிவு நிலை. கண்ணை எடுக்காமல் பாருங்கள். கடி மூர்க்கமானால் நேரம் முடியாவிட்டாலும் பிரித்துவிடுங்கள். திறந்த காயம் பெரிதாக இருந்தால் அந்த எலிக்குச் சோதனை அத்துடன் முடிந்தது.

அப்புறம் அதைத் தடுப்பின் மறுபக்கம் மாற்றி, அடுத்த நாள் வரை அங்கேயே விடுங்கள். தொட முடியாது, ஆனால் எதிரியின் உருவமும் வாசனையும் சத்தமும் நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருக்கும். மறுநாள் புதிய எதிரி, புதிய கூண்டு. ஒப்பீட்டுக் குழுவில் தடுப்பின் இருபுறமும் பிளாக் சிக்ஸ் எலிகளே இருக்கும். அவற்றுக்குச் சண்டை கிடையாது, தினசரி இடமாற்றம் மட்டும் உண்டு.

படி 4: அளவீடு

10-ஆம் நாள் கடைசித் தோல்விக்குப் பின் ஒவ்வொன்றையும் தனிக்கூண்டில் வையுங்கள். மறுநாள் ஒரு திறந்த பெட்டியில், ஓரத்தில் வெற்றுக் கம்பிவலைக் கூண்டை வைத்து 2.5 நிமிடம் எலியைப் படம்பிடியுங்கள். பிறகு அந்த வலைக்குள் முன்பின் தெரியாத ஒரு சி.டி.-1 எலியை வைத்து மறுபடி 2.5 நிமிடம். வலையைச் சுற்றியுள்ள பகுதியில் செலவழித்த நேரத்தை வகுத்துப் பாருங்கள். வெறும் வலையருகே 60 வினாடி, எதிரி இருக்கும்போது 30 வினாடி என்றால் விகிதம் 0.5. ஒன்றுக்குக் கீழே என்றால் பாதிக்கப்பட்டது, மேலே என்றால் தாக்குப்பிடித்தது என்பது வழக்கமான பிரிப்பு. விளக்கு வெளிச்சம் மங்கலாக இருக்கட்டும், ஒரு எலி முடிந்து அடுத்ததை விடும் முன் பெட்டியைத் துடையுங்கள்.

படி 5: முடிவைப் படித்தல்

இந்த முறையின் ருசியே இங்குதான். அத்தனை எலிகளும் ஒரே அடியை வாங்கினாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சகஜமாகவே பழகும். 2007-இல் அமெரிக்க நரம்பியலாளர் எரிக் நெஸ்ட்லரின் குழு இந்த இரு வகைகளையும் பிரித்து ஆராய்ந்தது. நடுமூளையின் டோபமைன் நரம்பணுக்கள் பாதிக்கப்பட்ட எலிகளில் வழக்கத்தைவிட வேகமாகத் துடித்தன, தாக்குப்பிடித்தவற்றில் இல்லை. ஆனால் பதற்றத்தை அளக்கும் உயர்த்திய பிளஸ் வடிவப் பாதையில் விட்டபோது இரண்டு வகைகளுமே பதற்றத்தைக் காட்டின. எனவே விகிதம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்பதற்காக ‘எதுவும் ஆகவில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். பதற்றத்தைத் தனியாகவும், சர்க்கரைத் தண்ணீர் விருப்பத்தை (இன்பத்தில் நாட்டம் குறைந்ததா என்பதற்கான அளவு) தனியாகவும் அளந்துகொள்ளுங்கள்.

விலகிப்போகும் எலிக்கு மனச்சோர்வு என்று சொல்வதும் அவசரம். அடித்த இனத்தைக் கண்டு பயப்படக் கற்றுக்கொண்டதாகவும் இருக்கலாம். வேறு இன எலியை வலைக்குள் வைத்து ஒருமுறை பார்த்தால் ஓரளவு பிரித்தறியலாம். மருந்து விஷயத்தில் இந்த முறைக்கு நல்ல பெயர் உண்டு: மனச்சோர்வு மருந்தான ஃபுளுவாக்செட்டின் ஒருமுறை கொடுத்தால் பயனில்லை, பல வாரம் கொடுத்தால் விலகல் குறைகிறது. நோயாளிகளிலும் இந்த மருந்து வேலைசெய்ய வாரக்கணக்கில் ஆகிறது.

பெண் எலிகளோடு செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: சி.டி.-1 ஆண் பொதுவாகப் பெண் எலியைத் தாக்குவதில்லை. பெண் எலியின் மீது ஆண் எலியின் சிறுநீரைத் தடவுவது, அடிவாங்கும் ஆணைப் பக்கத்திலிருந்து பார்க்கவைப்பது என்று சில மாற்றுவழிகள் உள்ளன. இரண்டாவதில் கடிக்காயம் இல்லை என்பதால், முதலில் அதை முயன்று பாருங்கள்.