ஹைனான் குடும்ப ஹோட்டலின் வரலாற்றை எழுத விரும்புவோருக்கு

மலேசியாவின் பழைய நகரங்களில் சீனக் குடும்பங்கள் நடத்திவந்த ஹோட்டல்கள் பல கதவடைத்துவிட்டன. எஞ்சியவற்றில் ஒன்றின் வரலாற்றை எழுத நினைத்தால், பேட்டி எடுக்கும் வேலையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கல்லாவுக்குப் பின்னால் கட்டிப்போட்டிருக்கும் பழைய ஏடுகளை முதலில் கேளுங்கள். என் தந்தை ஈப்போவில் அப்படியொரு ஹோட்டலில் கணக்கெழுதியவர். அது கைமாறியபோது பளிங்கு மேசைக்கும் சுவர்க்கடிகாரத்துக்கும் விலை பேசினார்கள். ஏடுகள் எடைக்குப் போயின. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

தங்கியவர்களின் பதிவேடு கிடைத்தால் பொக்கிஷம். வந்தவர் யார், என்ன தொழில், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று வரிவரியாகப் படியுங்கள். தோட்டத் துரைகளும் ஈயச் சுரங்கக்காரர்களும் விற்பனைப் பிரதிநிதிகளும் எந்தக் காலத்தில் வந்தார்கள், எப்போது நின்றார்கள் என்பதிலேயே ஹோட்டலின் ஏற்றமும் இறக்கமும் தெரிந்துவிடும். ஆண்டு குறிக்காத ஏடு என்றால், அடையாள அட்டை எண்ணுக்குக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அட்டை 1948-இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு வந்தது. ரசீதில் 2602 என்றோ 2603 என்றோ இருந்தால் அது ஜப்பானியர் ஆட்சிக்கால ஆண்டுக்கணக்கு. 660-ஐக் கழித்தால் 1942, 1943. சீனப் பத்திரத்தில் குடியரசு ஆண்டு 10 என்று கண்டால் 1911-ஐக் கூட்டுங்கள், 1921 வரும்.

அடுத்தது நிறுவனர். தனியாளாக வந்து தனியாளாக உழைத்து ஹோட்டலைத் தொடங்கினார் என்று பேரப்பிள்ளைகள் பெருமையோடு சொல்வார்கள். அந்தப் பெருமையைக் குலைக்காமல், தொழிலில் கூட்டாளிகள் இருந்தார்களா என்று கேளுங்கள். தென்சீனாவின் ஹைனான் தீவினர் மற்ற சீனர்களுக்குப் பிந்தி மலாயாவுக்கு வந்தவர்கள். நல்ல வியாபாரங்கள் ஏற்கெனவே பிறர் கையில் இருந்ததால், வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் ஹோட்டல்களிலும் சமையல்காரர்களாகவும் பணியாளர்களாகவும் சேர்ந்தார்கள். அங்கே கற்ற மேல்நாட்டுச் சமையலும், ஊர்க்காரர்கள் சேர்ந்து போட்ட பணமும்தான் பல கடைகளுக்கு முதல். கோலாலம்பூரில் 1921-இல் தொடங்கிய கொலிசியம் கஃபே ஹோட்டல் ஹைனான் சமையலுக்கும் தோட்டத் துரைகளின் கூட்டத்துக்கும் பெயர்பெற்றது இந்த வழியில்தான்.

கடன் எங்கே வாங்கினார்கள் என்பதையும் விடாதீர்கள். நில அலுவலகத்தில் பழைய பட்டாவை எடுத்துப் பார்த்தால், அடமானம் பிடித்தவர் பெயர் செட்டியாராக இருக்கலாம். அப்படியானால் சீன ஹோட்டலின் கதையில் ஒரு பகுதி தமிழ்ப் பேரேட்டில் இருக்கும். அதைப் படிக்க நம்மை விட்டால் யார்?

பழைய நாளிதழ்களுக்குச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையக் காப்பகம் போதும். தேடும்போது அன்றைய தெருப் பெயரைப் போடுங்கள். கோலாலம்பூரில் இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் அன்று பத்து ரோடு (Batu Road). ஆள் பெயரையும் பலவிதமாக எழுதித் தேடுங்கள், ஏனென்றால் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள்.

பெண்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். 1933-இல் வந்த அந்நியர் சட்டம் சீன ஆண்களின் வருகைக்கு உச்சவரம்பு போட்டது; பெண்களுக்கு 1938 வரை அந்தத் தடை இல்லை. பாட்டி எந்த ஆண்டு வந்தார் என்று தெரிந்தால், ஹோட்டல் எப்போது குடும்பத் தொழிலானது என்பதும் புலப்படும். படுக்கை விரிப்பு எண்ணியவரும் வாடகை வசூலித்தவரும் பெரும்பாலும் அவராகவே இருப்பார். துணி வெளுத்தவர், காவலாளி, எடுபிடிப் பையன் ஆகியோரின் பிள்ளைகளையும் தேடிப்பிடியுங்கள். தவுக்கேயின், அதாவது முதலாளியின், கோபமும் தாராளமும் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் தொடக்கத்தில், சீனர்கள் முன்னோர் கல்லறைகளைத் துப்புரவாக்கி வணங்கும் செங் பெங் நாளில், குடும்பம் அழைத்தால் அவர்களோடு கல்லறைக்குப் போங்கள். கல்லில் சொந்தக் கிராமமும் மகன்களின் பெயர்களும் பொறித்திருக்கும். சீனம் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் உடன் வரட்டும். அனுமதி கேட்டுவிட்டுப் படமெடுங்கள்.

கடைசியாக, மூடியதற்கான காரணம். 'பிள்ளைகளுக்கு விருப்பமில்லை' என்ற பதிலோடு நிறுத்தாதீர்கள். போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966-ஆம் ஆண்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது. வாடகைக்கு இருந்தவர்களுக்குத் தந்த சலுகைக் காலமும் 1999 முடிவோடு தீர்ந்தது. 2000-க்குப் பிந்தைய வாடகை ரசீது ஒன்றையாவது கேட்டு வாங்கி, முந்தையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.