என்.டி.டி. வேலைக்கு வர நினைக்கும் தங்கச்சிமாருக்கு

தக்கலையில் என்.டி.டி., அதாவது பொருளை உடைக்காமல் சோதிக்கும் வேலைக்கான கோர்ஸ் சேர்ந்தபோது வகுப்பில் 22 பேர். பெண் நான் ஒருத்தி. மற்றவர்கள் எல்லாருக்கும் கணக்கு ஒன்றுதான்: லெவல் 2 சர்டிஃபிகேட், பாஸ்போர்ட், கல்ஃப். என்னிடம் மட்டும், நர்சிங் படித்திருக்கலாமே என்றார்கள். இப்போது இந்த வேலையில் 12 வருஷம் ஆகிறது. வெல்டிங்கை வெட்டாமல், உடைக்காமல் அதில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

முதலில் மேஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேர்ந்த அன்றே உங்களை ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பார்கள். "வெயில்ல எதுக்கு, ரிப்போர்ட் டைப் பண்ணட்டும்." அக்கறையாகத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த நாற்காலியில் எத்தனை வருஷம் இருந்தாலும் நீங்கள் இன்ஸ்பெக்டர் ஆக மாட்டீர்கள். பெரும்பாலான கம்பெனிகள் பின்பற்றும் எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற வழிமுறையில், வகுப்பும் பரீட்சையும் மட்டும் போதாது. கையால் வேலை செய்த மணி நேரமும் வேண்டும். விரிசலுக்குள் சாயத் திரவம் இறக்கிப் பார்க்கும் பி.டி. என்கிற டை பெனட்ரன்ட்டுக்கு லெவல் 1-க்கு 70 மணி நேரம், அதற்குமேல் லெவல் 2-க்கு 140. ஒலி அலை அனுப்பிப் பார்க்கும் யூ.டி. என்கிற அல்ட்ராசோனிக்குக்கு 210, அப்புறம் 630. டைப் அடித்த நேரம் இதில் ஒரு நிமிஷம்கூடச் சேராது.

நான் எட்டு மாதம் அந்த மேஜையில் இருந்தேன். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: ரிப்போர்ட்டுகளைப் பதினொரு மணிக்குள் முடித்துவிடுகிறேன், மதியத்துக்கு மேல் ஒர்க்ஷாப்பில் விடுங்கள் என்று. வாயால் கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எழுத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நீங்கள் நேர்முகத் தேர்விலேயே கேட்டுவிடுங்கள்.

கூடவே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, என்ன ஜாப், எந்த முறை, எத்தனை மணி நேரம். மாதக் கடைசியில் மேலே உள்ள லெவல் 2 அல்லது லெவல் 3-யிடம் கையெழுத்து வாங்குங்கள். எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ சர்டிஃபிகேட் அந்தக் கம்பெனியோடு முடிந்துவிடும். நோட்டு உங்களோடு வரும். ஐ.எஸ்.ஓ. 9712 என்ற சர்வதேச விதிப்படி வாங்கும் சர்டிஃபிகேட் ஆள் பேரில் இருப்பது, பின்னால் அதற்குப் போங்கள்.

எதை முதலில் படிப்பது? கண்ணால் பார்க்கும் வி.டி., பிறகு பி.டி. செலவு குறைவு, கண் பழகும். அடுத்தது யூ.டி. இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். திரையில் எழும் சிக்னல் குறையா, வெல்டின் வடிவமா என்று பிரித்துச் சொல்வது முழுக்க ஆளின் கையில் இருக்கிறது. அந்தக் கை வந்துவிட்டால் ஆணா பெண்ணா என்று பார்க்க மாட்டார்கள், தேடி அழைப்பார்கள்.

பி.டி.யில் எனக்கு நடந்த ஒன்று. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு யார்டு, சித்திரை மதியம். "மக்களே, சட்டுன்னு பாத்து விடு, லாரி நிக்கு" என்றார் ஃபோர்மேன். தெர்மாமீட்டரைக் காட்டினேன்: பிளேட் 58 டிகிரி. வழக்கமான பி.டி.க்கு 5 முதல் 52 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மேலே போனால் பெனட்ரன்ட் விரிசலுக்குள் இறங்குவதற்குள் காய்ந்துவிடும். "அண்ணாச்சி, இப்ப பார்த்தா ஒண்ணும் தெரியாது, தெரியாததை நல்லாயிருக்குன்னு எழுத மாட்டேன்" என்றேன். முறைத்தார். ஷெட்டுக்குள் தள்ளினோம். சாயங்காலம் சிவப்பு பெனட்ரன்ட் அடித்து, பத்து நிமிஷம் விட்டு, துணியில் கிளீனர் நனைத்துத் துடைத்தேன். பிளேட்டின் மேல் நேராக கிளீனர் அடித்தால் விரிசலுக்குள் இருப்பதும் கழுவிப் போய்விடும், இதைப் பலர் செய்கிறார்கள். உள்ளே இருக்கும் சிவப்பை வெளியே இழுக்கும் வெள்ளை டெவலப்பர் அடித்துப் பத்து நிமிஷத்தில், வெல்டின் ஓரத்தில் 6 மில்லிமீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு. கிரைண்டரை அவரே எடுத்து வந்தார். அடுத்த ஜாபுக்குப் பிளேட் நிழலில் காத்திருந்தது.

ஆனி, ஆடியில் அங்கே வேறு கஷ்டம். காற்று டெவலப்பரைப் பிளேட்டில் விழவே விடாது. இரண்டு பேர் தார்ப்பாய் பிடிக்க வேண்டும். கேளுங்கள், பிடிப்பார்கள்.

வெல்டரிடம் "சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். வெல்டை அளக்கும் கேஜை அவர் கையில் கொடுத்து, டார்ச் அடித்து, அவரையே அளவு படிக்கச் சொல்லுங்கள். என்னைவிட இருபது வயது மூத்தவர்களோடு இப்படித்தான் வேலை செய்கிறேன்.

ஆர்.டி., அதாவது கதிர் விட்டு வெல்டைப் படம் எடுக்கும் ரேடியோகிராபி பற்றி வீட்டில் பயப்படுவார்கள். என் அம்மாவும் பயந்தார். கதிரை வெளிவிடும் இரிடியம்-192 சோர்ஸ் விளையாட்டல்ல. ஆட்கள் இல்லாத ராத்திரியில்தான் பெரும்பாலும் படம் எடுப்போம். தூரத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் கதிர் நான்கில் ஒன்றாகும், இதை மறக்கவே கூடாது. உடலில் பட்ட கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள். உடலில் படும் கதிருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்து வருஷ சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு வருஷமும் 30-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பம் என்று தெரிந்ததும் எழுத்தில் தெரிவியுங்கள். அதன் பிறகு குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்குமேல் போகக் கூடாது. நான் அப்போது யூ.டி.க்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன், வேலையை விடவில்லை.

சைட்டுக்குப் போகும் முன் டாய்லெட் எங்கே என்று கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். ஒரு இடத்தில் இல்லாததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்று வந்து ஒரு வாரம் கிடந்தேன். யாராவது தவறாக நடந்தால், 10 பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும்; இல்லையென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு, நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் விசாரிக்கலாம். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள்.

முதல் நாள் பையில் டார்ச், வெல்டிங் கேஜ், அந்த நோட்டு, இரண்டு பேனா. சேஃப்டி ஷூவைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டோரில் 7, 8-தான் இருக்கும், நமக்கு 4 வேண்டும். தொளதொள ஷூவோடு சாரத்தில் ஏறாதீர்கள்.