4 ஜிபி ரேம் போட்டும் 3.25 ஜிபி மட்டும் தெரிகிறதா? மதர்போர்டிலிருந்து தொடங்குங்கள்

வீட்டிலுள்ள பழைய கணினியில் இரண்டு 2 ஜிபி ரேம்களைப் பொருத்திய பிறகும், விண்டோஸ் 7 அதில் 3.25 ஜிபியை மட்டுமே பயன்படுத்தியது. ரேமை மாற்றச் சொன்னார் கடைக்காரர். மாற்றிப் பயனில்லை, ரேம் நன்றாகத்தான் இருந்தது.

அது 32 பிட் விண்டோஸ். ரேமின் ஒவ்வொரு பைட்டையும் கணினி ஒரு எண்ணால், அதாவது முகவரியால் அடையாளம் காண்கிறது. 32 பிட் முகவரியால் 4,294,967,296 பைட்டுகளை, அதாவது 4 ஜிபியைத்தான் சுட்ட முடியும். அத்தனையும் ரேமுக்குக் கிடைப்பதில்லை. கிராபிக்ஸ் கார்டு, பிசிஐ கருவிகள் (மதர்போர்டுடன் இணையும் மற்ற கருவிகள்), பயாஸ் சிப் (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல் உள்ள சிப்) எல்லாம் 4 ஜிபிக்குச் சற்றுக் கீழே உள்ள முகவரிகளைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த இடத்துக்கு நேரான ரேம் எட்டாமல் போகிறது. டிவைஸ் மேனேஜரின் வியூ மெனுவில் 'ரிசோர்சஸ் பை டைப்' என்பதைத் தேர்ந்து, மெமரியை விரித்துப் பாருங்கள். எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று வரிசையாகத் தெரியும்.

1. மதர்போர்டின் சிப்செட் எது என்று கண்டுபிடியுங்கள். பிராசசரையும் ரேமையும் மற்ற கருவிகளையும் இணைக்கும் சிப்தான் அது. இதற்கு, கணினியின் பாகங்களைக் காட்டும் சிபியு-இசட் என்ற மென்பொருள் போதும். கணினியை வேகமாக்கித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் எதுவும் வேண்டாம். மெயின்போர்டு பக்கத்தில் இன்டெல் 945 என்று இருந்தால் இத்துடன் நிறுத்திவிடலாம். அந்தச் சிப்செட் 4 ஜிபிக்கு மேல் முகவரி கொடுக்காது. 965 என்றால் 8 ஜிபி வரை வழியுண்டு.

2. 64 பிட் விண்டோஸை நிறுவுங்கள். உங்கள் பிராசசரும் 64 பிட்டாக இருக்க வேண்டும்.

3. இனி பயாஸ். பலர் தடுமாறும் இடம் இதுதான். 'மெமரி ரீமேப்' என்ற அமைப்பு பல போர்டுகளில் அட்வான்ஸ்டு, சிப்செட், நார்த் பிரிட்ஜ் என்று மூன்று அடுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். அதை இயக்கினால், எட்டாமல் போன ரேமுக்கு 4 ஜிபிக்கு மேலே புது முகவரி கிடைக்கும். 32 பிட் விண்டோஸால் அந்த உயரத்தைத் தொட முடியாது. அதனால்தான் இரண்டாவது படியை முதலில் முடிக்கச் சொன்னேன். வரிசை மாறினால், சில போர்டுகளில் முன்பு தெரிந்ததைவிடவும் ரேம் குறைந்துவிடும்.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் ரேம் கூடவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். விண்டோஸின் அமைப்புக் கருவியான எம்எஸ்கான்பிக்கில் பூட் பக்கத்தின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸைத் திறந்து, 'மேக்சிமம் மெமரி' கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். மதர்போர்டிலேயே கிராபிக்ஸ் இருந்தால், அது ரேமில் ஒரு பங்கைத் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும். அந்தக் குறைவை ரீமேப்பால் மீட்க முடியாது. பயாஸில் அதன் அளவைக் குறைத்துத்தான் பார்க்க வேண்டும்.