மன்னார்குடிக்கு ரயிலில் போகிறவர்களுக்கு

என்னைப்போல் சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள், சென்னையில் இறங்கியபின் ஊருக்கு டிக்கெட் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும். சென்னையிலிருந்து மன்னார்குடி போகும் மன்னை எக்ஸ்பிரஸில் அன்றைக்கே இடம் போட்டுவிடுங்கள். லீவு முடிவாகட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். அப்பாவின் முதல் வருஷத் திதிக்குப் போகிறவன் செய்கிற காரியமா அது?

ஏறுமிடத்தைத் தாம்பரம் என்று போடுங்கள். விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம். மின்சார ரயிலில் தாம்பரம் பக்கம்தான். எழும்பூர் வரை பெட்டியோடு அலைய வேண்டாம்.

மீதி எல்லாம் தட்கல் என்கிற கடைசி நேர முன்பதிவு பற்றித்தான். புறப்படும் நாளுக்கு முந்தின நாள், ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11. இணையத்தில் எடுக்க 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். என் ஆதாரில் இருந்தது பழைய இந்திய போன் எண். ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அது வேறு யாருக்கோ போய்விட்டது. சரி, நேரில் எடுப்போம் என்று ஒரு முன்பதிவு மையத்தில் ஏழு மணிக்கே போய் வரிசையில் நின்றேன். படிவத்தில் சிங்கப்பூர் எண்ணை எழுதினேன். டிக்கெட் போட வேண்டிய ஓடிபி அதற்கு வரவே இல்லை. கவுன்ட்டரில் இருந்தவர் படிவத்தைத் திருப்பித் தள்ளிவிட்டு, "அடுத்தவங்க வாங்க" என்றார். பின்னால் நின்ற பெரியவர், "என் நம்பரைப் போடுங்க தம்பி" என்று பட்டன் போனை நீட்டினார். அதற்குள் காத்திருப்புப் பட்டியல் 14.

தட்கல் காத்திருப்பை நம்பாதீர்கள். அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரில் ஏறவும் முடியாது. அன்றிரவே பஸ் பிடித்திருக்க வேண்டும். நான் மறுநாள் சார்ட், அதாவது யாருக்கு இடம் என்ற கடைசிப் பட்டியல், வரும்வரை காத்திருந்தேன். 2011இல் இந்த ரயில் விட்டபோது அப்பா போன் பண்ணி, "இனி எழும்பூர்ல ஏறினா நம்மூர்லதான்டா இறங்கணும்" என்றார். அவர் இருந்தவரை ஒருமுறைகூட நான் அதில் வரவில்லை. இந்த முறையாவது வர வேண்டும் என்றுதான் அந்தப் பிடிவாதம்.

கடைசியில் கிளாம்பாக்கத்தில் இரவு பஸ். தெற்கே போகிற பஸ்ஸுக்குக் கோயம்பேடு போய் நிற்காதீர்கள். விடிந்து வெகுநேரம் கழித்து ஊருக்கு முன்னால் இருக்கிற நீடாமங்கலம் வந்தால் ரயில்வே கேட் போட்டிருந்தது. நெல் ஏற்றிய சரக்கு ரயில் முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டிருந்தது. சித்தப்பா கூப்பிட்டார்.

"எங்க வர்றே?"

"நீடாமங்கலம் கேட்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சரி, ஐயரை உட்கார வைக்கிறேன். அம்மாகிட்ட நீயே பேசிடு."