கம்பெனி கிளம்பிவிட்டது, அதன் காரை வாங்கலாமா? பழைய ஃபோர்டு வாங்குவோருக்குப் படிப்படியான விளக்கம்

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணமும் சொன்னது. குஜராத்தின் சாணந்த் கார் ஆலை டாடா கைக்குப் போனது. நம்ம மறைமலைநகர் ஆலையிலிருந்து 2022 ஜூலையில் கடைசி எகோஸ்போர்ட் வெளியே வந்தது. அன்றிலிருந்து பழைய கார் தேடும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஃபோர்டு நல்ல விலைக்கு வருது, எடுக்கலாமா? ஸ்பேர்ஸ் கிடைக்குமா?"

எடுக்கலாம். ஆனால் வழக்கமான வரிசையை மாற்ற வேண்டும். மற்ற கார் என்றால் முதலில் வண்டியைப் பார்த்து, பிடித்தால் மெக்கானிக்கிடம் காட்டி, வாங்கிய பிறகு ஸ்பேர்ஸ் பற்றி யோசிப்போம். இங்கே முதலில் ஸ்பேர்ஸ், அப்புறம் மெக்கானிக், கடைசியில்தான் வண்டி.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு ஹெட்லைட்டால். என் முதல் காரும் இந்தியாவை விட்டுப் போன ஒரு பிராண்டுடையதுதான். பெயர் இங்கே வேண்டாம். இன்ஜின் அருமை, மைலேஜ் அருமை. ஒரு நாள் அவிநாசி ரோட்டில் பைக் ஒன்று உரசியதில் இடது பக்க ஹெட்லைட் உடைந்தது. அந்த ஒரு லைட்டுக்காக ஏழு வாரம் அலைந்தேன். கடைசியில் பழைய வண்டிகளைப் பிரிக்கும் ஒருவரிடம் கிடைத்தது, அதுவும் ஒரு காது உடைந்த நிலையில். அடுத்து 2016ஆம் ஆண்டு எகோஸ்போர்ட் டீசல் வாங்கியபோது கீழே உள்ள வரிசையில்தான் போனேன்.

படி 1: கம்பெனி எப்படிப் போனது என்று பாருங்கள்

எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி போகவில்லை. இந்தியாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இருப்பதால் சர்வீஸும் ஸ்பேர்ஸும் தொடரும் என்று ஃபோர்டு போகும்போதே சொன்னது. ஷெவர்லே 2017 முடிவோடு இங்கே விற்பனையை நிறுத்தியது. டட்சன் 2022இல் நின்றுபோனாலும் அதன் தாய் நிறுவனமான நிசான் இங்கேயே இருக்கிறது. டட்சன் ரெடி-கோவின் இன்ஜின் ரெனோ க்விட்டில் ஓடும் அதே இன்ஜின். ஃபியட் புன்ட்டோ, லீனியா வண்டிகளின் 1.3 மல்டிஜெட் டீசலைத்தான் மாருதி ஸ்விஃப்ட்டிலும் டாடா விஸ்டாவிலும் போட்டார்கள், அதனால் அதைப் பிரித்துப் பார்க்காத மெக்கானிக்கே அரிது.

ஆக, கேட்க வேண்டியவை இரண்டு. பெயர் மட்டும் போனதா, ஆளே கிளம்பிவிட்டாரா? இதே இன்ஜின் வேறு எந்த வண்டியில் இருக்கிறது?

ஒரு எச்சரிக்கை. மறைமலைநகர் ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்த ஃபோர்டு 2024 செப்டம்பரில் தமிழக அரசுக்கு விருப்பக் கடிதம் கொடுத்தது. "ஃபோர்டு திரும்ப வருது சார், அதான் ரேட் ஏறுது" என்று புரோக்கர் சொல்வது இதை வைத்துத்தான். ஏற்றுமதி என்றால் இங்கே ஷோரூம் திறப்பது என்று அர்த்தமில்லை. அந்தப் பேச்சுக்காக ஒரு ரூபாய்கூட ஏற்றிக் கொடுக்காதீர்கள்.

படி 2: வண்டியைப் பார்க்கும் முன் ஆறு பாகங்களுக்கு விலை கேளுங்கள்

ஒரு நோட்டில் இந்த ஆறையும் எழுதுங்கள்: ஹெட்லைட், முன் பம்பர், முன் கண்ணாடி, கிளட்ச் செட், லோயர் ஆர்ம் (முன் சக்கரத்தைத் தாங்கும் கை), டைமிங் பெல்ட் கிட். பக்கத்தில் இரண்டு கட்டம்: விலை, எத்தனை நாளில் வரும். உங்கள் ஊர் ஃபோர்டு சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன், வெளி ஸ்பேர்ஸ் கடைக்கு ஒரு போன். சென்னைக்காரர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது. பிரித்து எடுத்த பழைய பாகம் போதும் என்றால் புதுப்பேட்டை. மாடலும் ஆண்டும் வேரியன்ட்டும் சரியாகச் சொல்லுங்கள். அதே மாடலில் எவருடைய சேஸி நம்பராவது கிடைத்தால் இன்னும் நல்லது. ஃபோர்டு இந்தியா வண்டியின் சேஸி நம்பர் எம்.ஏ.ஜே. என்ற எழுத்துகளில் தொடங்கும்.

ஏன் இந்த ஆறு? ஃபில்டர், பிரேக் பேட், பேரிங், பெல்ட் போன்றவற்றை வெளி நிறுவனங்களும் செய்கின்றன, ஓட்டம் இருக்கும்வரை செய்துகொண்டே இருப்பார்கள். ஹெட்லைட், பம்பர், கதவு, டிக்கி லைட் எல்லாம் அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே பொருந்துபவை. அந்த அச்சு நின்றால் பொருளும் நின்றது. கம்பெனி போன காரில் உங்களைத் தவிக்க விடுவது பெரும்பாலும் இன்ஜின் அல்ல, இந்த வெளித்தோற்றச் சாமான்கள்தான். அதிகம் விற்ற மாடலை எடுத்தால் இந்தத் தலைவலி குறையும். எகோஸ்போர்ட், ஃபிகோ, ஆஸ்பயர் மூன்றும் நிறைய ஓடுகின்றன.

ஆறில் இரண்டுக்கு "சொல்ல முடியாது சார்" என்று பதில் வந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

படி 3: மெக்கானிக்கைப் பிடியுங்கள்

ஃபோர்டு சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து சொந்தமாக ஷெட் போட்டவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் தேடுங்கள். போய்ப் பார்க்கும்போது ஷெட்டில் எத்தனை ஃபோர்டு நிற்கிறது என்று எண்ணுங்கள். "ஃபோர்ஸ்கேன் வெச்சிருக்கீங்களாண்ணா?" என்று கேளுங்கள். ஃபோர்டு வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் மென்பொருள் அது. சாதாரண ஸ்கேனர் காட்டாத பலதையும் காட்டும். அந்தப் பெயரைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தால் ஆள் சரியான ஆள்.

வண்டி பார்க்க வர அவருக்கு ஒரு தொகை பேசிக் கொடுத்துவிடுங்கள். சும்மா கூப்பிட்டால் அவசரமாகப் பார்ப்பார்.

படி 4: எந்த இன்ஜின், எந்த கியர்

என் முதல் தேர்வு 1.5 லிட்டர் டீசல், மேனுவல் கியர். எகோஸ்போர்ட், ஆஸ்பயர், இரண்டாம் தலைமுறை ஃபிகோ மூன்றிலும் இது வரும். இதில் டைமிங் பெல்ட் மாற்றியாயிற்றா என்பதற்கு மட்டும் பில் வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். வாய்ச்சொல்லை நம்பாமல், பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து விலையில் கழியுங்கள்.

1.0 எகோபூஸ்ட் பெட்ரோல் ஓட்டுவதற்கு இனிமையான இன்ஜின். சின்ன இன்ஜின், டர்போ, சூடு அதிகம். கூலன்ட் கசிந்து குறைந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். இதிலும், 2017 கடைசியில் வந்த மூன்று சிலிண்டர் 1.5 பெட்ரோலிலும் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. புத்தகத்தில் சொன்ன ஆயிலை ஊற்றாமல் கிடைத்ததை ஊற்றினால் பெல்ட் பொடிப்பொடியாக உதிரும். அந்தத் துகள் ஆயில் பம்பின் வலையை அடைத்துவிட்டால் இன்ஜினுக்கு ஆயில் ஏறாது. அதனால் இந்த இரண்டையும் முழு சர்வீஸ் ரெக்கார்டு இருந்தால் மட்டும் எடுங்கள்.

ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் கவனம் இன்னும் கூட வேண்டும். 2013 முதல் 2017 வரையிலான எகோஸ்போர்ட் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் பவர்ஷிஃப்ட் என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் இருந்தது. மெதுவாக நகரும்போது வண்டி உதறுவது, கியரைக் கட்டுப்படுத்தும் மாட்யூல் பழுதாவது என்று உலகம் முழுக்கப் புகார். ஆஸ்திரேலியாவில் இந்தப் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018இல் நீதிமன்றம் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. கம்பெனி இருக்கும்போதே தொல்லை கொடுத்த பாகத்தை, கம்பெனி போன பிறகு நாம் தோளில் ஏற்ற வேண்டாம். 2017 கடைசியில் வந்த புது எகோஸ்போர்ட்டில் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்குக்கு மாறிவிட்டார்கள். ஆட்டோமேட்டிக் தேடுபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

2010இல் வந்த முதல் ஃபிகோ குறைந்த பட்ஜெட்டுக்கு நல்ல வண்டிதான். 2013இல் ஃபிகோ, கிளாசிக் வண்டிகளில் 1,66,021 வண்டிகளை பவர் ஸ்டீயரிங் ஹோஸுக்காகவும் பின்பக்க ஆக்ஸில் பீமுக்காகவும் திரும்ப அழைத்தார்கள். அந்த வேலை முடிந்ததா என்று ரெக்கார்டில் பாருங்கள்.

படி 5: காகிதம் பேசட்டும்

வண்டி நம்பர் கிடைத்ததும் அரசின் பரிவாகன் தளத்தில் போடுங்கள். எத்தனையாவது ஓனர், லோன் நிற்கிறதா, அபராதச் செலான் பாக்கி இருக்கிறதா, ஆர்.சி. எதுவரை செல்லும் என்று பார்க்கலாம். தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டு, அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும்.

பலர் பார்க்காத ஒரு இடம் இன்ஷூரன்ஸ் பாலிசி. அதில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு 50 சதவீதம் இருக்கும். "ஒரே ஓனர், ஒரு கீறல் இல்லை" என்கிறவரின் ஏழு வயது வண்டியில் அது பூஜ்யம் என்றால், போன வருஷம் ஏதோ நடந்திருக்க வாய்ப்பு அதிகம். பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டாலும் போனஸ் போகும் என்பதால் சண்டைக்குப் போகாமல் காரணம் கேளுங்கள்.

வெளி மாநில வண்டி என்றால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய சாலை வரி எல்லாம் சேரும். டெல்லியிலிருந்து மலிவாக வரும் டீசல் வண்டிகளில் அந்த மலிவு வரியிலேயே கரைந்துவிடும்.

படி 6: வண்டிக்கு முன்னால் நிற்கும்போது

"நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். நான் எகோஸ்போர்ட் பார்க்கப் போனது காலை ஏழு மணிக்கு. தகடு ஜில்லென்று இருந்தது. முதல் வண்டியை அங்கேயே எடுத்தேன் என்று நினைக்காதீர்கள். அதற்கு முன் பார்த்த இரண்டில் ஒன்று இளஞ்சூடாக இருந்தது. காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

பானெட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது அளவு இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். மூடியைச் சுற்றியோ ஹோஸ் மாட்டும் இடத்திலோ காய்ந்த பொடி ஒட்டியிருந்தால் கசிவு இருந்திருக்கிறது. உள்ளே வெறும் தண்ணீராக இருந்தால் கசிவுக்கு வைத்தியம் பார்க்காமல் ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ஆயில் மூடியைத் திருகி உள்பக்கம் பாருங்கள். காபி நுரை நிறத்தில் பசை படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

பிறகு பானெட் கீலிலும் ஃபெண்டரிலும் உள்ள போல்ட்டுகள். கம்பெனி பெயின்ட் போல்ட் தலையின் மேலும் சேர்ந்தே இருக்கும். ஸ்பேனர் பட்ட இடத்தில் மூலை உரிந்திருந்தால் அந்தத் தகடு ஒருமுறையாவது கழன்றிருக்கிறது. எல்லாக் கண்ணாடியிலும் உள்ள தயாரிப்பு ஆண்டை ஒப்பிடுங்கள்; ஒன்று மட்டும் வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

சென்னை வண்டி என்றால் வெள்ளம் பார்த்ததா என்று தேடியே ஆக வேண்டும். 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாம் புயலும் எத்தனையோ வண்டிகளை முக்கி எடுத்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தங்கிவிடும், அதைக் கழுவ யாரும் மெனக்கெடுவதில்லை. ஸ்டெப்னிக்கு அடியிலும் சீட் தண்டவாளத்திலும் துரு இருக்கிறதா பாருங்கள்.

டெஸ்ட் டிரைவ் அரை மணி நேரமாவது வேண்டும். மேடு, டிராஃபிக், 80 கிலோமீட்டர் வேகம் மூன்றும் அதில் வரட்டும். முடித்து வந்ததும் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். முன்பே போட்டால் அழித்து வைத்த எரர் திரும்ப வந்திருக்காது.

இரண்டு சாவியும் கையில் வேண்டும். சாவியில் உள்ள சிப்பை வண்டியோடு சேர்க்க வேண்டும் என்பதால் இரண்டாவது சாவி செய்வது செலவும் அலைச்சலும்.

படி 7: விலை பேசுவது

படி 2இல் எழுதிய நோட்டை விற்பவர் முன்னாலேயே எடுங்கள். டைமிங் பெல்ட் இவ்வளவு, கிளட்ச் இவ்வளவு, டயர் இவ்வளவு என்று கூட்டிக் காட்டிக் கழிக்கச் சொல்லுங்கள். எண் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

இன்ஷூரன்ஸில் இந்த மாதிரிக் கார்களுக்கென்று ஒரு விஷயம் உண்டு. ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட மற்ற கார்களுக்கு மதிப்பு குறையும் சதவீதம் அட்டவணைப்படி வரும். ஐந்து ஆண்டைத் தாண்டியவற்றுக்கும், தயாரிப்பு நின்றுபோன மாடல்களுக்கும் காப்பீட்டு மதிப்பு நீங்களும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்வதுதான். ஆன்லைனில் தானாக வரும் எண்ணை அப்படியே ஏற்க வேண்டாம். நாளை டோட்டல் லாஸ் ஆனால் அந்த எண்தான் உங்கள் கைக்கு வரும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம் கழிப்பார்கள் என்பதால், அப்படித் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் பாலிசி கிடைக்குமா என்றும் கேளுங்கள். வயதான வண்டிக்கு எல்லாரும் தர மாட்டார்கள், இரண்டு மூன்று இடத்தில் விசாரிக்க வேண்டும்.

படி 8: பணமும் பெயர் மாற்றமும்

டோக்கன் அட்வான்ஸ் சிறிதாக இருக்கட்டும், மீதி வங்கி வழியாகப் போகட்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வாங்குங்கள். லோன் இருந்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து லோனை நீக்கும் படிவம் 35உம் வேண்டும். விற்றதை அவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும்; பெயர் மாற்ற உங்களுக்கு 30 நாள். இன்ஷூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாள்தான், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. ஃபாஸ்டேக்கும் அவருடையது, உரித்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

பெயர் மாறி வந்த வாரத்திலேயே மெக்கானிக்கிடம் விட்டு ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அப்படியே டிக்கி லைட் ஒரு ஜோடியும் சைடு மிரர் ஒரு ஜோடியும் கிடைக்கும்போதே வாங்கி வையுங்கள். என் வீட்டுப் பரணில் எகோஸ்போர்ட்டின் இடது ஹெட்லைட் ஒன்று பழைய போர்வையில் சுற்றி இருக்கிறது. மூன்று வருஷமாக அதற்கு வேலை வரவில்லை.